ஒட்டுப்போட்ட போட்டோ

காலை அக்கட்ட வைங்க சார், காலை அக்கட்ட வைங்க! மிதிச்சிராதீங்க. சுருட்டி வெச்சிருக்கறதைப் பாத்தா பாயாட்டம்தான் தெரியும். பாய் இல்லீங்க, ஃப்ளெக்ஸ் பேனரு. உள்ள என்ற அம்மா இருக்குது.

கோவிச்சுக்காதீங்க. சத்தம் போட்டது தப்புதான். நாலஞ்சு நாளா மண்டை காஞ்சு போய்க் கெடக்கறனுங்க. பைக்குல கொண்டு போலாம்னுதான் பாத்தேன். இத்தனை நீளத்தை எங்க வெக்கிறது? காத்துல மடங்கிப்போனா மூஞ்சி மேல கோடு உழுந்துருமுங்க. அதான் பஸ்சு. உக்காருங்க, உக்காருங்க, எடம் இருக்குது.

தோள்ல தொங்கற பையைப் பாத்தா கம்ப்யூட்டர் சோலி பாக்கறவராட்டம் இருக்குது. அப்பிடீங்களா? நல்லதாப் போச்சு. அப்ப உங்களைத்தான் கேக்கணும். ஏனுங்க, இந்த ஜேபெக்கு, பிஎஸ்டி, பிஎன்ஜி, இதையெல்லாம் எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சான்? ஒரு போட்டோன்னா ஒரு போட்டோதானுங்க? அதுக்கு எதுக்கு இத்தனை வேசம்? அதுல தொறக்காது, இதுல ஒட்டிக்கும், இன்னொண்ணுல பிரியும். கெரகம், கெரகம்!

என்ற பேரு ஈஸ்வரமூர்த்தி. கோபியில பெயின்ட் கடை வெச்சிருக்கறேன். நாளைக்கு எங்கம்மாவுக்கு வருசம் திரும்புது. மயிலாத்தாள்னு பேரு. அதுக்குத்தான் இந்த பேனரு, முதலாமாண்டு நினைவஞ்சலி.

போன வருசம் நடந்ததைச் சொன்னாத்தான் உங்களுக்கு என்ற வவுத்தெரிச்சல் புரியும். அம்மா போன அன்னைக்கு, நான் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள, என்ற தம்பி குமரவேலு கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சு வாசல்ல கட்டிப்போட்டான். கட்டட்டும். வேண்டாங்கல. கீழ என்ன போட்டிருந்தான் தெரியுங்களா? 'மகன்கள்: குமரவேல், ஈஸ்வரமூர்த்தி.' கேட்டீங்களா அந்த அக்கிரமத்தை? மூத்தவன் நானுங்க! எனக்கப்புறம் பொறந்தவன் அவன். ஒறம்பறை, சொந்தபந்தமெல்லாம் வருது, என்ற மாமனார் ஊட்டு ஆளுக வர்றாங்க, வர்றவன் போறவன் எல்லாம் அண்ணாந்து பாக்கறான், நான் ரெண்டாவதா நிக்கறேன். கையில மாலையோட வந்தவன் அந்த பேனருக்குக் கீழயே நின்னு கேட்டுப்போட்டேன். ஏன்டா, எப்படா நீ மூத்தவனானேன்னு. "அண்ணா, ஃபோன்ல அழுதுட்டே பேரு சொன்னேன், எப்படிச் சொன்னேன்னே தெரியலண்ணா"ங்கறான். அழுதானாமா! அழுதா அண்ணன் தம்பி ஆயிருவானா? தம்பி அண்ணன் ஆயிருவானா? அன்னைக்கு உட்டதுதானுங்க அவன்கூடப் பேச்சு.

அவன் ஸ்கூல் வேன் ஓட்டறான். அம்மாகூடத்தான் இருந்தான், ஊர்லயே. அம்மாவைப் பாத்துக்கிட்டது அவன்தான்னு ஊர்ல பெருமையாப் பேசுவாங்க. பாத்துக்காம? பக்கத்துல இருக்கறவன் பாக்கத்தானே வேணும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான்னு சொல்லுவாங்க. அவன்கிட்ட வேன் இருக்குது, கூட்டிட்டுப் போனான். இதுல என்னங்க பெருமை? நானும் வாரா வாரம் போனவன்தான். வாரா வாரம்னா, கடை லீவு உட்டா. கடைக்கு லீவு உடறது எங்கீங்க, பெயின்ட் யாவாரம் உங்களுக்குத் தெரியாதா?

அதனால இந்த வருசம் முடிவு பண்ணிட்டேன். நான் தனியா அடிக்கறேன் ஒரு பேனரு. அம்மாவும் நானும். ரெண்டே பேரு. கீழ என்ற பேரு மட்டும். கோபி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல, ஆளு ஒசரத்துக்கு. அவன் வேனோட அந்தப் பக்கம் வர்றப்ப நின்னு பாக்கணும். பாத்து எரியணும்.

சரி, போட்டோவுக்கு எங்க போறது? எங்கம்மாவுக்குப் போட்டோன்னாலே ஆகாது. அதனால என்றகிட்ட அதிகம் இல்ல. குமரவேலு ஃபோன் பூராம் இருக்குமுங்க, அது வேற. தலை சீவறப்ப, சோறு திங்கறப்ப, டிவி பாக்கறப்பன்னு எடுத்து எடுத்து வெச்சிருப்பான். அவன்கிட்டப் போய் நான் கேக்கறதா? செத்தாலும் கேக்க மாட்டேன். என்றகிட்ட இருந்தது ஒரே படம். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சப்ப, "ரெண்டு பேரும் எம்பக்கத்துல நின்னு ஒரு படம் எடுங்கடா, தெளிவாப் பாத்துக்கறேன்"னு கேட்டுச்சு. அதுக்காகக் கோபி ஸ்டுடியோவுல எடுத்தது. நடுவுல அம்மா நாற்காலியில உக்காந்திருக்கும், அரக்குச் சேலை. ஒருபக்கம் நான், நாற்காலி முதுகு மேல கை வெச்சு நிக்கறேன். அந்தப்பக்கம் குமரவேலு. அவன் அம்மா தோள்ல கை வெச்சிருக்கறான், அந்தக் கை மேல அம்மா தன் கையை வெச்சுப் புடிச்சிருக்குது.

வாட்சப்புல இருந்த அந்தப் படத்தை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். தம்பி, இதுல இவனைத் தூக்கிரு, அம்மாவும் நானும் போதும்னேன். அதுக்கென்னங்கண்ணான்னு சொல்லிட்டு கடைக்காரன் மவுசை உருட்டி உருட்டி வெட்டுனான். வெட்டிட்டு, பாருங்கண்ணான்னு திருப்பிக் காட்டறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. குமரவேலு போயிட்டான். ஆனா அம்மா தோள்ல வெரலு நிக்குது! ஆளைக் காணோம், கையைக் காணோம், வெரலு மட்டும் நிக்குதுங்க. பேய்ப்படமாட்டம்.

"அதையும் எடுறா"ன்னேன். எடுத்தா அம்மா வெரலும் சேந்து போயிருமுங்கண்ணான்னான். அம்மா வெரலை உட்டுப்போட்டு அவன் வெரலை மட்டும் எடுன்னேன். எடுத்தான். எங்கம்மா கை பாதியில நிக்குது. வெட்டுப்பட்ட கையாட்டம். சாமியாப் போனவளுக்குக் கையை மொண்டியாக்கிப் போடறயாடான்னு கத்துனேன் பாருங்க, ரோட்டுல போறவன் எல்லாம் நின்னுட்டான்.

அவனும் எகிறிட்டான். "அண்ணா, இது ஜேபெக்குங்க. எல்லாம் ஒண்ணா ஒட்டிப்போச்சு. பெசஞ்ச சோத்துல இருந்து சாம்பாரை மட்டும் எடுன்னா நான் எங்க போறது? எடுத்த ஸ்டுடியோவுல ஓப்பன் ஃபைல் இருக்கும், பிஎஸ்டின்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. யாரையாச்சும் ஒட்டியிருந்தா, அதுல கண்ணாடித் தாளை அடுக்குனாப்பல ஒட்டுன ஆளு தனியா நிப்பாங்க. அந்தத் தாளை உருவிட்டு மறுபடி ஜேபெக்கா மாத்திக்கலாம்" அப்படீன்னான்.

ஒட்டுன ஆளுன்னதும் எனக்குப் பளிச்சுனு ஆயிருச்சு. ஏன்னா அந்தப் படம் ஒட்டுப்போட்டதுன்னு எனக்குத் தெரியும். படத்தைக் குடுக்கறப்பவே ஸ்டுடியோவுல சொன்னாங்க, ஒருத்தரைத் தனியா எடுத்துச் சேத்தியிருக்குது, ஆனா தெரியாதுன்னு. யாரைச் சேத்தியிருப்பாங்க? அவனைத்தான்! வேன் ஓட்டறவன் பகல்ல எப்படி வருவான்? ரெண்டு வருசமா எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டிருக்கறேன், அம்மா போட்டோ எடுக்கக்கூட வராத பையன் அவன்னு. வந்தாப்பல ஒட்டி வெச்சிருக்குது பாருங்கன்னு.

ஆனா ஒடனே ஸ்டுடியோவுக்குப் போகலீங்க. எதுக்கு ஒருத்தன்கிட்டப் போய் நிக்கோணும்? கடையில பில்லு போடற கம்ப்யூட்டர் இருக்குது. உக்காந்து பாத்தேன். போட்டோ பேருக்குப் பின்னாடி ஜேபிஜின்னு இருந்துச்சு. அதை அழிச்சுப் போட்டு பிஎஸ்டின்னு அடிச்சேன். நெசமா மாத்தறயான்னு அது கேட்டுச்சு. நெசமாத்தான் மாத்தறேன், உனக்கென்னன்னு அமுக்குனேன். மாறிருச்சு! பென் டிரைவுல போட்டுட்டு அந்தக் கடைக்காரன் முன்னாடி கொண்டு போய் வெச்சேன், இந்தா நீ கேட்ட பிஎஸ்டின்னு. தொறக்கவே மாட்டீங்குது. அவன் ஃபைல் பேரைப் பாத்துட்டுச் சிரிக்கறான். "அண்ணா, பேரை மாத்துனா ஆளு மாறுமுங்களா?"ங்கறான். பேரு விசயத்துல என்றகிட்டயே பேசறான் பாருங்க.

உட்டனா நானு? திரும்பி வந்து நெட்டுல தேடுனேன். ஜேபெக்கை பிஎஸ்டியா மாத்திக் குடுக்கறோம்னு எத்தனையோ பேரு கடை தொறந்து வெச்சிருக்கறான். ஒண்ணுல போட்டோவை ஏத்துனேன், பச்சைப் பட்டனை அமுக்குனேன், சக்கரம் சுத்துச்சு, சக்சஸ்ன்னான். இப்பச் சிரிடான்னு மறுபடி கொண்டு போனேன். இந்தத் தடவை தொறந்துச்சு. தொறந்து பாத்தா அத்தனையும் ஒரே தாள்ல இருக்குது! அவன் பொறுமையாத்தான் சொன்னான், இல்லைங்கல. "டப்பா மட்டுந்தாங்கண்ணா மாறியிருக்குது. உள்ள அதே பெசஞ்ச சோறுதான்." அப்ப எதுக்குடா சக்சஸ்ன்னு போடறீங்க? நாட்டுல எவனுக்குமே மனசாட்சி இல்லீங்களா?

வேற வழியில்லாம நேத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்க பிரதீபான்னு ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டிருக்கும், அதுதான் டிசைன் பண்றது. வெவரத்தைச் சொன்னேன். ஓப்பன் ஃபைல் வேணும் அம்மிணின்னேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டித் தேடுச்சு. "இருக்குதுங்கண்ணா. அழிச்சிராதீங்கன்னு உங்க தம்பி அப்பவே சொல்லியிருந்தாரு"ன்னுச்சு. பாத்தீங்களா, எல்லாத்துலயும் முந்திக்குவான்.

படம் தொறந்துச்சு. அதே படந்தான். ஓரத்துல சின்னச் சின்னதாப் பொட்டிக, ஒண்ணுமேல ஒண்ணு. ஒவ்வொரு பொட்டி பக்கத்துலயும் ஒரு கண்ணு வரைஞ்சிருக்குது. கண்ணு தொறந்திருந்தா அந்த ஆளு தெரிவாராம். மூடுனா போயிருவாராம். அட, இத்தனை சுலுவான்னு எனக்குக் குளுகுளுன்னு ஆயிருச்சு. அந்த ஒட்டுன ஆளை மூடிரு அம்மிணின்னேன்.

அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. "ஒட்டுனவரையாங்கண்ணா? நெசமாவுங்களா?"

"ஏம்மிணி, உனக்கு எத்தனை தடவை சொல்றது? எங்கம்மா போட்டோவுக்கு வராதவன் எனக்கு வேண்டாம். மூடு!"

மூடுச்சுங்க.

நான் போயிட்டேன்.

ஆமாங்க சார், நானு! அம்மா இருக்குது. அவன் இருக்கறான். அம்மா தோள்ல அவன் கை, கை மேல அம்மா கை, எல்லாம் அப்படியே இருக்குது. நான் நின்ன எடத்துல வெறுஞ் சுவரு. நாற்காலி முதுகுல என்ற கை இருந்த எடத்துல ஒரு கீறல் இல்லீங்க. ஒரு வெரலுகூட மிச்சமில்ல. அவனை வெட்டுனப்ப அம்மா கையே போச்சு. என்னை எடுத்தா ஒண்ணுமே ஆகல. எங்கம்மா சிரிச்சாப்பலயே உக்காந்திருக்குது.

தப்பா அமுக்கிட்டே அம்மிணின்னேன். "இல்லீங்கண்ணா, சேத்தது உங்களைத்தானுங்க" அப்படீங்குது. அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் காலையிலயே வந்துட்டாங்களாமா. குமரவேலு வேனுக்கு வேற ஆளை உட்டுட்டு வந்தானாமா. உச்சிப்பொழுது வரைக்கும் எனக்காகக் காத்துட்டு உக்காந்திருந்தாங்களாமா. அம்மாவுக்கு உக்கார முடியல, முதுகு வலி. அப்ப அவன்தான் சொல்லியிருக்கறான், "எங்கண்ணன் கட்டாயம் வருவாரு, அக்கட்ட எடம் உட்டு எடுங்க"ன்னு. எடத்தை உட்டு எடுத்துட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டான். நான் பொழுது சாஞ்சப்பறம்தான் போயிருக்கறேன்.

அன்னைக்குக் கடையில லோடு எறங்குச்சுங்க! லோடு வந்தா உட்டுட்டுப் போக முடியுமா? முடிச்சுட்டுத்தானே போகணும்? போனேன். நின்னேன். வெளிச்சம் கண்ணுல அடிச்சுது. நாற்காலி மேல கை வைங்கன்னாங்க, வெச்சேன். நாற்காலி... நாற்காலியில ஆளு இல்லீங்க. காலி நாற்காலி. அது எனக்கு நேத்துத்தான் ஞாபகம் வருது. இத்தனை நாளா அதுல அம்மா உக்காந்திருந்தாப்பலயேதான் நெனச்சுட்டிருந்தேன். படத்துல உக்காந்திருக்குதே, பின்ன எப்படி நெனைக்கறது?

எனக்கு என்ன ஆத்தரம்னா, இந்தக் குமரவேலு ரெண்டு வருசமா வாயைத் தொறக்கல பாருங்க. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், அவனை ஒட்டுனதுன்னு. அவன் காதுக்குப் போகாமயா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை, ஒட்டுனது அவரைத்தான்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னைச் சேக்காத படத்தையும் இந்தப் பொண்ணு அவனுக்குக் குடுத்திருக்குது. அவன் ஊட்டுச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கறது என்னைச் சேத்துன படம். பேச்சு நின்னு வருசமாயும் அதேதான் தொங்குதாமா, பெரிம்மா பையன் சொன்னான். கண்ணை மூடுனாப் போதும், நான் இருக்க மாட்டேன். ஒரு அமுக்கு. அவன் அமுக்கல. ஏன் அமுக்கல? இவன் பெரிய மகானாக்கும்! யாருங்க இவனை எடம் உடச் சொன்னது? நான் கேட்டனா? எனக்கு எடம் உடறதுக்கு இவன் யாரு?

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஸ்டுடியோவுலயே. கோவத்துல வந்ததுதான். கோவம் முத்திப்போனா எனக்கு அழுகையும் சேந்து வரும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அந்தப் பொண்ணு பயந்து போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. "இப்படியே ஜேபெக்காப் போட்டுரட்டுங்களாண்ணா?"ன்னு கேக்குது.

இப்படியேவா? என்னையில்லாமயா?

"அந்தக் கண்ணைத் தொற அம்மிணி!"ன்னு கத்துனேன். "மொதல்ல தொற. என்னைக் கொண்டா!" தொறந்துச்சு. வந்து நின்னேன், நாற்காலி மேல கை வெச்சுட்டு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. "இப்ப ஒட்டு. மூணு பேரையும் ஒட்டிரு. ஜேபெக்காப் போட்டுரு. எந்தச் சாமி வந்து கேட்டாலும் பிரிச்சுக் குடுக்க முடியாத மாதிரி ஒட்டிரு"ன்னேன். ஒட்டுச்சு. அந்த ஓப்பன் ஃபைலை அழிச்சிரு, எங்கண்ணு முன்னாடியே அழின்னேன்.

"அழிச்சுட்டா இனி யாரையும் மாத்த முடியாதுங்கண்ணா"ன்னுச்சு.

"யாரு மாத்தச் சொன்னா?"ன்னேன்.

கொஞ்சத்துக்கு முன்னாடி நீங்கதாங்கண்ணா சொன்னீங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு அந்தப் பொண்ணுக்கு. என்ற மூஞ்சியைப் பாத்துட்டு முழுங்கிருச்சு. அழிச்சுது. கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில இருந்தும் அழிக்கச் சொன்னேன். எங்கம்மா பக்கத்துல நான் நிக்கற படம் அது ஒண்ணுதாங்க இருக்குது. வேற இல்ல. தேடிப் பாத்துட்டேன், இல்லீங்க. அதை ஒருத்தன் அமுக்குனா இல்லாமப் போயிரும்னா நான் எப்படித் தூங்கறது?

அதுதானுங்க இந்த பேனரு. அவன் இருக்கறான் இதுல, ஆமா. கையை வெச்சுட்டு நிக்கறவனை என்ன பண்றது? படத்துல இருக்கறவனுக்குப் பேரு போடாம உட்டா ஊர்ல என்னைத்தான் காறித் துப்புவாங்க. அதுக்காகப் போட்டது. மத்தபடி 'ஈஸ்வரமூர்த்தி, குமரவேல்' அப்படித்தான் அடிச்சிருக்கறேன். என்ற பேருதான் மொதல்ல. அதுல ஒரு மாத்தமும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல கட்டலாம்னு இருந்ததைத்தான் மாத்திட்டேன். ஊர்ல, அம்மா ஊட்டு வாசல்லயே கட்டப் போறேன். எந்த எடத்துல ரெண்டாவதா நின்னனோ அதே எடத்துல மொதல்ல நிக்கணும். பாக்கட்டும் எல்லாரும்.

கட்டறதுக்கு ரெண்டு ஆளு வேணுமுங்க. ஒத்தை ஆளாக் கட்டுனா ஒருபக்கம் தொங்கிரும். அக்கட்ட முனையை அவன்தான் புடிக்கோணும், ஊட்டுல வேற யாரு இருக்கறாங்க? புடிப்பான். நான் பேச மாட்டேன். தூக்கு, எறக்கு, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுன்னு சொல்றது பேச்சுல சேராதுங்க. அது சோலி.

நிறுத்தம் வந்துருச்சு. ஏப்பா கண்டக்டரே, ஆளு எறங்கோணும், பொறு! எங்கீங்க சார் எந்திரிக்கறீங்க, உக்காருங்க... ஓ, தூக்கி உடறீங்களா? நல்லா இருப்பீங்க. இந்த முனையை நான் புடிச்சுக்கறேன், நீங்க அதைப் புடிங்க. பைய, பைய. கம்பியில மோதிரும் பாருங்க. அட, அப்படி இறுக்கிப் புடிக்காதீங்க சார்! அந்தப் பக்கம் எந்தம்பி இருக்கறான், மடங்கிப்போயிருவான்.